486-இல் நெல்லை ரத வீதி: மேஸ் வார் முதல் ஹாஃப்-லைஃப் வரை கட்டிப் பார்த்தது

ஒரே இடத்தை ஒவ்வொரு காலத்து முறையிலும், கூடிய மட்டும் அந்தக் காலத்து மெஷினிலேயே கட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் திட்டம். இடம், திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ஓடும் நாலு ரத வீதிகள். முறை, ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர், அதாவது ஆடுபவரின் கண் வழியாகவே பார்த்துச் சுடும் விளையாட்டுகள், 1970-களில் தொடங்கி 1998 வரைக்கும் தங்கள் உலகத்தைத் திரையில் வரைந்த வழிகள். வுல்ஃபன்ஸ்டைன், டூம், குவேக் என்று வரிசையாகப் பெயர் சொல்ல என் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரியும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் என்ன மாறியது என்று கேட்டால், "கிராஃபிக்ஸ் நல்லாயிடுச்சு" என்பதோடு பேச்சு நின்றுவிடும். எந்த மாதிரி இடத்தை அந்த விளையாட்டுக்குள் கொண்டுவர முடிந்தது என்பதில்தான் ஒவ்வொரு கட்டமும் பிரிகிறது என்பது என் எண்ணம். தெரிந்த தெருவைக் கட்டினால் அது பட்டென்று பிடிபடும். தெருவில் எது உள்ளே வர மறுக்கிறது என்று நம் கண்ணே சொல்லிவிடும்.

போர்டு

மெஷின், பாளையங்கோட்டையில் மூடிப்போன ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மச்சிலிருந்து வந்தது. தொண்ணூறுகளில் டைப்ரைட்டிங்கோடு சேர்த்து லோட்டஸ், வேர்ட்ஸ்டார் எல்லாம் சொல்லிக்கொடுத்த இடம். புராசசர் இன்டெல் 486 டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸ், 8 எம்பி ராம், ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில் ஒரு ட்ரைடென்ட் விஜிஏ டிஸ்ப்ளே கார்டு. போர்டில் அதைவிட வேகமான வீசா லோக்கல் பஸ் ஸ்லாட் இரண்டு காலியாக இருந்ததைப் பார்த்ததுமே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. காரணத்தை டூம் வரும்போது சொல்கிறேன்.

இந்தக் காலத்துப் போர்டு கைக்கு வந்தால் கரண்ட் கொடுக்கும் முன் பேட்டரியைப் பார்க்க வேண்டும். கடிகாரத்துக்கும் பயாஸ் (மெஷினை எழுப்பும் அடிப்படை நிரல்) செட்டிங்குக்கும் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்றைப் போர்டிலேயே சால்டர் பண்ணியிருப்பார்கள். இதில் அது கசிந்து, கீபோர்டு கனெக்டர் வரைக்கும் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. கசிவது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. ஆகவே முதலில் பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டு நுரை அடங்கும்வரை துடைத்தேன். பிறகு தண்ணீர், அதன் மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அப்புறம் நல்ல வெயில்.

வண்ணாரப்பேட்டையில் டிவி மெக்கானிக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் போர்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். லென்ஸை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பச்சையா பூத்திருக்க எடத்த மட்டும் சொரண்டிட்டு விட்றாதீரும் தம்பி. அதுக்கு ரெண்டு வெரக்கட தள்ளி, பெயிண்டுக்கு அடியிலயும் அரிச்சிருக்கும். கறுத்த கோடாத் தெரியும், சாச்சுப் பிடிச்சுப் பாரும்."

சாய்த்துப் பிடித்தால் தெரிந்தது. சுற்றிலும் மினுங்கும் செம்புத் தடங்களுக்கு நடுவே மூன்று மட்டும் மங்கிக் கறுத்திருந்தன. பிளேடு நுனியால் மேல் பூச்சைச் சுரண்டி, மல்டிமீட்டரை கண்டின்யூட்டியில் (தடம் அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும்) வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டேன். இரண்டில் பீப் வந்தது. மூன்றாவது, கீபோர்டு கனெக்டரிலிருந்து கீபோர்டு கன்ட்ரோலர் சிப்புக்குப் போகிற தடம். அதில் சத்தமே இல்லை. அண்ணாச்சி பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு எனாமல் ஒயரை உருவிக் கொடுத்தார். இரண்டு முனையிலும் எனாமலை ஈயத்தின் சூட்டிலேயே உருக்கி, கனெக்டரின் காலுக்கும் சிப்பின் காலுக்கும் நேரே பாலம் போட்டாயிற்று. அரித்த மற்ற இரண்டு தடங்களின் மேலும் பாதுகாப்புக்கு ஈயம் இழுத்துவிட்டேன்.

புது பேட்டரியைப் போர்டின் மேல் வைக்கவே கூடாது. வெளி பேட்டரிக்கென்று நாலு பின் ஹெடர் இருக்கிறது. ஜம்பரை அந்தப் பக்கம் மாற்றி, மூன்று ஏஏ செல் போட்ட ஹோல்டரை ஒயரில் இழுத்து கேபினெட்டின் அடியில் ஒட்டிவிட்டேன். இனிக் கசிந்தாலும் தகரத்தில்தான் கசியும்.

பவர் சப்ளையில் பழைய எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்கள் உப்பியிருந்தன, மாற்றினேன். ஏடி பவர் சப்ளையின் பி8, பி9 கனெக்டர்களைச் செருகும்போது கறுப்பு ஒயர் நாலும் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும். இன்னொன்று: அந்தக் காலத்து முன்பக்க பவர் ஸ்விட்சில் 230 வோல்ட் நேரடியாக ஓடும். மூடியைத் திறந்து வேலை பார்க்கிறவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டே கை வையுங்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 512 எம்பி காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு, ஐடிஇ அடாப்டர். இந்த பயாஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டருக்கு மேல் எண்ணத் தெரியாதது, அதாவது ஏறத்தாழ 528 மில்லியன் பைட். அதைத் தாண்டிய கார்டு போட்டால் வீண். ஆபரேட்டிங் சிஸ்டம் டாஸ் 6.22. கார்டைக் கழற்றி லேப்டாப்பின் ரீடரில் செருகினால் ஃபைல் மாற்றுவது நொடியில் முடிகிறது. ஃப்ளாப்பி டிரைவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கோடும் கதிரும்

இந்த வகை விளையாட்டின் முதல் வேர்களில் ஒன்று மேஸ் வார். 1973-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ஸ்டீவ் காலி, ஹோவர்ட் பால்மர், கிரெக் தாம்ப்சன் ஆகியோர் இம்லாக் பிடிஎஸ்-1 என்ற மெஷினில் செய்தது. கோடுகளால் ஆன சந்து. ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே, 90 டிகிரி திரும்பல், இவ்வளவுதான் நடை. இரண்டு மெஷின்களைக் கேபிளால் இணைத்து ஒருவரை ஒருவர் தேடிச் சுட்டார்கள். 1974-இல் தாம்ப்சன் அதை எம்ஐடிக்கு எடுத்துப் போனார். அங்கே டேவ் லெப்லிங்கோடு சேர்ந்து எட்டுப் பேர் ஆடும்படி வளர்த்தார், இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட் வழியாகவும் ஆடினார்கள். அதே 1974-இல் பிளேட்டோ என்ற கல்விக் கம்ப்யூட்டர் அமைப்பில் ஜிம் போவரி எழுதிய ஸ்பாசிம், 32 பேர் வரைக்கும் விண்வெளியில் மோதவிட்டது. சேர்ந்து விளையாடுவது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே எதிரே இன்னொரு மனிதர் இருந்தார்.

மேஸ் வார் முறையை டர்போ சி என்ற பழைய நிரல் எழுதும் கருவியில் எழுதினேன். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படித்தவர்களில் அந்த நீலத் திரையைப் பார்க்காதவர்கள் குறைவு. அதில் இனிட்கிராஃப் என்ற கட்டளையால் படத் திரையைத் திறந்து லைன் வரையத் தெரிந்தால் போதும். கட்டம் போட்ட வரைபடத்தில் நிற்கும் கட்டத்துக்கு முன்னால் வரிசையாகப் பார்த்துப் போக வேண்டும்: இடது பக்கம் சுவரா, திறப்பா, வலது பக்கம் சுவரா, திறப்பா, நேரே சுவர் வந்தால் ஒரு செவ்வகம் வரைந்து நிறுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு தூரத்துக்கும் கோடுகள் எங்கே விழும் என்பது முன்பே கணக்கிட்ட பட்டியல். கணிதம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கீழ ரத வீதியில் நின்றால் நேரே குறுகிப் போகும் நாலு கோடுகள், வாகையடி முக்கு வந்ததும் ஒரு திருப்பம். கறுப்பில் பச்சைக் கோடாக அந்தத் தெரு நீள்வதைப் பார்க்க எனக்கு அத்தனை பிடித்திருந்தது.

அதற்குப் பிந்திய பத்து, பதினைந்து வருஷத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1980-இல் அட்டாரியின் பேட்டில்ஸோன், எட் ராட்பெர்க் செய்தது, டாங்கிக்குள்ளிருந்து பார்க்கும் வெக்டர் கோடுகள். சின்ன வீட்டுக் கம்ப்யூட்டரான இசட்எக்ஸ்81-இல் மால்கம் எவன்ஸின் 3டி மான்ஸ்டர் மேஸ். 1987-இல் அட்டாரி எஸ்டி கம்ப்யூட்டர்களின் மிடி (இசைக்கருவி இணைக்கும்) துளைகளை வளையமாக இணைத்து 16 பேர் ஆடிய மிடி மேஸ். ஒவ்வொன்றும் தனித்தனி முயற்சிகள், ஒன்று இன்னொன்றைப் பெற்றது என்று சொல்ல முடியாது.

நேர்கோட்டில் வளர்ந்தது 1991-இலிருந்துதான். ஐடி சாஃப்ட்வேர் (id Software) என்ற விளையாட்டு நிறுவனத்தில் ஜான் கார்மாக் ஏப்ரலில் ஹோவர்டேங்க் 3டி-யை வெற்று நிறச் சுவர்களோடு கொண்டுவந்தார். நவம்பரில் கேட்டகோம்ப் 3-டி, சுவர்களுக்கு 16 நிறத்தில் படம் ஒட்டியது. 1992 மே 5 அன்று வுல்ஃபன்ஸ்டைன் 3டி, 256 நிறம்.

இந்த முறையை எழுதிப் பார்க்கும்போது அதன் சிக்கனம் மலைக்க வைக்கிறது. திரை 320-க்கு 200. புள்ளிகள் 64,000. ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குப் போட்டால் 486-க்கு முந்தைய 386 புராசசர் படுத்துவிடும். வுல்ஃபன்ஸ்டைன் செங்குத்துக் கோட்டுக்கு ஒரு கதிர் மட்டும் அனுப்புகிறது. கதிர் கட்டம் கட்டமாகத் தாண்டிப் போய் எந்தச் சுவரில் முட்டுகிறது, எவ்வளவு தூரத்தில் என்பது மட்டும் தெரிந்தால் போதும். தூரம் இரட்டித்தால் சுவரின் உயரம் பாதி. ஆக 64,000 கணக்கு, அதிகபட்சம் 320 கணக்காகிவிட்டது. கண்ணிலிருந்து கதிர் போன தூரத்தை அப்படியே எடுத்தால் சுவர் நடுவில் புடைத்துத் தெரியும். அதற்குக் கோணத்தின் கொசைனால் ஒரு பெருக்கல். சைன், கொசைன் எல்லாம் முன்பே பட்டியலில். ஏனென்றால் அன்றைக்கு வீட்டு மெஷின்கள் பலவற்றில் தசமக் கணக்குக்கு என்று தனிச் சில்லு கிடையாது.

இன்னொரு நுணுக்கம். சுவர்ப் படத்தை ஒவ்வொரு உயரத்துக்கும் நீட்டிச் சுருக்க ஒரே பொது நிரல் வைக்காமல், ஒவ்வொரு உயரத்துக்கும் தனியாக ஒரு துண்டு எந்திர நிரலை விளையாட்டு தானே எழுதிவைத்துக்கொள்ளும். நினைவகத்தைக் கொடுத்து நேரத்தை வாங்குகிற வேலை. நான் இதையும் செய்து பார்த்தேன். டர்போ சி-யின் சாதாரண லூப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது.

நாலு ரத வீதி இதில் கனகச்சிதமாக உட்கார்ந்தது. எல்லாத் திருப்பத்தையும் 90 டிகிரி என்று வைத்துக்கொண்டு, 64-க்கு 64 கட்டத்தின் நடுவில் கோயில் மதிலைச் சதுரமாக வைத்தால் வேலை முடிந்தது. வடக்கு தெற்குச் சுவருக்கு ஒரு நிறம், கிழக்கு மேற்குச் சுவருக்கு அதைவிடக் கொஞ்சம் இருட்டு நிறம். வுல்ஃபன்ஸ்டைனிலும் ஒவ்வொரு சுவர்ப் படத்துக்கும் இப்படி ஒரு வெளிச்சப் பிரதியும் ஒரு இருட்டுப் பிரதியும் உண்டு. இந்த ஒன்று இல்லாவிட்டால் முக்கு இருப்பதே தெரியாது, தெரு தட்டையாகிவிடும்.

அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு. மொபைலில் சுடுகிற விளையாட்டு எல்லாம் தலைகீழ்ப் பாடம். அவனைத்தான் ஒவ்வொரு கட்டத்திலும் உட்கார வைத்தேன். நாலு வீதியும் சுற்றி வந்துவிட்டு, "மாமா, எல்லாம் ஒரே மட்டமால்லா இருக்கு? திண்ணையில ஏற முடியாதா?" என்றான்.

ஏற முடியாது. கட்டம் ஒன்று முழுச் சுவர், இல்லையென்றால் முழு வெற்றிடம். தரைக்கும் மேலுக்கும் ஒற்றை நிறம். திண்ணை என்ற ஒன்று இந்த உலகத்தில் இருக்க வழியில்லை.

படித்துறையும் ஈரடுக்குப் பாலமும்

1993 டிசம்பர் 10 அன்று அதே ஐடி சாஃப்ட்வேரின் டூம் வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் எஃப்டிபி (ஃபைல் இறக்கிக்கொள்ளும்) சர்வரில் ஏற்றினார்கள்; முதல் எபிசோட் இலவசம், யாரும் யாருக்கும் பிரதி கொடுக்கலாம். 386-உம் 4 எம்பி ராமும் வேண்டும்.

இங்கேதான் வீசா லோக்கல் பஸ். டூமில் டைம்டெமோ என்று ஒரு வசதி உண்டு, பதிவான ஆட்டத்தை முடிந்த வேகத்தில் ஓட்டிக்காட்டும். 1.9 பதிப்பின் மூன்றாவது டெமோ 2134 டிக் (டூமின் கடிகாரத்தில் நொடிக்கு 35 டிக்). 35-ஐ அதால் பெருக்கி, ஓட்டி முடிக்க உண்மையில் எத்தனை டிக் ஆனது என்று கடைசியில் வருகிற ரியல்டிக் எண்ணால் வகுத்தால் நொடிக்கு எத்தனை சட்டம் (ஃப்ரேம், திரையில் ஒரு முழுப் படம்) என்று கிடைக்கும். ஐஎஸ்ஏ ட்ரைடென்டில் எனக்கு 12-ஐ ஒட்டி வந்தது. அதே மெஷினில் சிரஸ் லாஜிக் 5428 லோக்கல் பஸ் கார்டைப் போட்டதும் 22. புராசசர் அதே, ராம் அதே. ஒரு சட்டத்துக்கு 64,000 பைட். டூமின் முழு வேகமான 35 சட்டத்துக்கு நொடிக்கு 22 லட்சம் பைட்டுக்கு மேல். ஐஎஸ்ஏ பஸ் 8 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு பைட்டையும் வாங்கி முடிக்கும்வரை புராசசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. லோக்கல் பஸ், புராசசரின் பஸ்ஸிலேயே நேராகத் தொங்குகிறது. அந்த நாளில் டூம் ஓடவில்லை என்று புது புராசசர் வாங்கினவர்கள் எத்தனை பேரோ. பாதிப் பேருக்குக் கார்டு மாற்றினாலே போதுமாயிருந்திருக்கும்.

டூமின் வரைபடத்தில் கட்டமே கிடையாது. கோடுகள் எந்தக் கோணத்திலும் போகலாம். கோடுகளால் சூழப்பட்ட ஒவ்வொரு பரப்புக்கும் தரை உயரம், கூரை உயரம், வெளிச்ச அளவு என்று தனித்தனியாக வைக்கலாம். கோடுகளை எந்த வரிசையில் வரைவது என்று ஆடும்போது யோசித்தால் நேரம் போதாது என்பதால், வரைபடத்தை முன்கூட்டியே இரண்டிரண்டாகப் பிளந்து ஒரு மரமாக வைத்துவிடுகிறார்கள். இருமப் பரப்புப் பிளவு மரம், பிஎஸ்பி. நிற்கும் இடத்திலிருந்து கிளை பிடித்து இறங்கினால் அருகில் இருப்பது முதலில், தூரத்தில் இருப்பது பின்னால் என்று தானாகவே வரிசை வந்துவிடும்.

வரைபடங்களையும் படங்களையும் நிரலோடு கலக்காமல் வாட் என்ற ஃபைலில் தனியாக வைத்தது டூமைச் செய்த கார்மாக், ஜான் ரொமேரோ குழுவின் பெருந்தன்மை. 1994-லேயே வெளியாட்கள் எடிட்டர் எழுதிவிட்டார்கள். முப்பது வருஷம் கழித்து என் ரத வீதி அதற்குள் போவதும் அந்த ஏற்பாட்டால்தான்.

லேப்டாப்பில் வரைந்து, பிஎஸ்பி மரத்தை அமைக்கும் நோட் பில்டரில் ஓட்டி, 486-க்குக் கொண்டுபோனேன். வீதிகள் இப்போது தங்கள் உண்மையான லேசான சாய்வோடு வந்தன. கடைத் திண்ணைகள் வந்தன. ஆடுபவர் 24 அலகு உயரம் வரை தானாக ஏறுவார், ஆகவே திண்ணைக்கு 16. வெளிச்சத்தைக் குறைத்து ராத்திரி வீதியாக்கினேன். தூரம் போகப் போக இருட்டு கூடுவது டூம் தானாகவே செய்யும் வேலை, அது தெருவை நீளமாக்கிக் காட்டுகிறது. மனசு அதோடு நிற்காமல் தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படித்துறையையும் சேர்த்தேன். ஒவ்வொரு படியும் தனிப் பரப்பு, ஒன்றைவிட ஒன்று 16 அலகு இறக்கம். டூமுக்குச் சரிவு தெரியாது, படி தெரியும். படித்துறைக்கு அது போதும்.

மருமகன் படி இறங்கி ஆற்றுக்குப் போனான். "தண்ணி மேலயே நடக்கேன் மாமா." ஆமாம். டூமில் தண்ணீர் என்பது தரையில் ஒட்டிய ஆடும் படம், ஆழம் கிடையாது. கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கவும் வழியில்லை என்று அடுத்த குறை.

இந்த நிமிர முடியாமைக்குள்தான் டூமின் வேகம் முழுக்க ஒளிந்திருக்கிறது. சுவர்கள் எப்போதும் செங்குத்து, பார்வை எப்போதும் நேர்மட்டம். அதனால் சுவரில் ஒரு செங்குத்துக் கோடு முழுவதும் ஒரே தூரத்தில் இருக்கும். தரையில் ஒரு கிடைக்கோடு முழுவதும் ஒரே தூரத்தில் இருக்கும். கோட்டுக்கு ஒருமுறை வகுத்தால் போதும், மீதி வெறும் கூட்டல். தலையைத் தூக்கிய மறு நொடி இந்தச் சமன்பாடு உடைந்து, புள்ளிக்குப் புள்ளி வகுக்க வேண்டிவரும். 1992 மார்ச்சிலேயே வந்த அல்டிமா அண்டர்வேர்ல்டு மேலும் கீழும் பார்க்கவும் சரிவில் நடக்கவும் விட்டது. ஆனால் அது திரையில் சின்ன ஜன்னலுக்குள், பொறுமையாக ஆடுகிற விளையாட்டு. கார்மாக் தேர்ந்துகொண்டது ஓட்டம். அந்தத் தேர்வு சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

பிறகு ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தை எடுத்தேன். தெரியாதவர்களுக்கு: மேல் தட்டில் பஸ்ஸும் லாரியும் போகும், கீழ்த் தட்டில் சைக்கிளும் பைக்கும் நடந்து போகிறவர்களும், அதற்கும் கீழே தண்டவாளம். டூம் இதைக் கட்ட விடவே விடாது. வரைபடத்தில் ஒரு புள்ளிக்கு ஒரே தரை, ஒரே கூரை. ஒரு தெருவுக்கு மேல் இன்னொரு தெரு என்பதை எழுத அந்த ஃபைலில் இடமே இல்லை. அடித் தட்டை மட்டும் கட்டி, மேலே கூரை போட்டு நிறுத்திக்கொண்டேன்.

நெல்லையப்பர் தேருக்கும் இதே கதி. டூமில் பரப்பு மேலே ஏறும், கீழே இறங்கும், பக்கவாட்டில் நகராது. தேரை நிலையில் நிற்க வைக்கலாம், வீதியில் இழுக்க முடியாது. 1996 ஜனவரியில் கென் சில்வர்மேன் எழுதிய பில்டு என்ற எஞ்சினில் (விளையாட்டை ஓட்டும் அடிப்படை நிரல்) வந்த டியூக் நியூகம் 3டி பரப்புகளை நகரவிட்டது, அதில் ரயிலே ஓடும்.

தண்ணீர், பாலம், தேர்

ஐடி சாஃப்ட்வேரின் அடுத்த பாய்ச்சல் குவேக், 1996 ஜூன் 22. இங்கே வரைபடம் என்பதே மறைந்து, முப்பரிமாணக் கட்டைகளை அடுக்கி இடம் கட்டும் முறை வந்துவிட்டது. கட்டைக்கு மேல் கட்டை வைக்கலாம். ஈரடுக்குப் பாலம் ஒரு சாயங்காலத்தில் முடிந்தது: தூண், கீழ்த் தட்டு, தூண், மேல் தட்டு. கீழ்த் தட்டில் நின்று நிமிர்ந்தால் மேல் தட்டின் அடிப்பாகம் தெரிகிறது, எட்டிப் பார்த்தால் தண்டவாளம். மருமகன் மேலிருந்து கீழே குதித்து, ஏறி வந்து, திரும்பவும் குதித்தான்.

486 இதற்குத் தாங்கவில்லை. நொடிக்கு ஒற்றை இலக்கச் சட்டங்கள், படம் படமாக நகர்ந்தது. குவேக் சுவரில் 16 புள்ளிக்கு ஒரு வகுத்தல் போடுகிறது. 486-க்கு அடுத்து வந்த பென்டியம் புராசசரில் அந்த வகுத்தலைத் தசமக் கணக்குப் பகுதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழு எண் பகுதி முந்தைய 16 புள்ளியை வரைந்து முடித்துவிடும். குவேக் குழுவின் நிரலாளர் மைக்கேல் ஆப்ரஷ் அசெம்பிளியில் (புராசசரின் நேர்மொழி) உட்கார்ந்து பொருத்திய வேலை. 486-இன் தசமப் பகுதி அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்காது. விலை குறைவு என்று அந்நாளில் நம் ஊர்களிலும் விற்ற சைரிக்ஸ் புராசசர்கள் முழு எண் கணக்கில் பென்டியத்தோடு மல்லுக்கு நின்றாலும் குவேக்கில் திணறியது இதனால்தான். அண்ணாச்சி கடை மூலையில் கிடந்த பென்டியம் 133 போர்டை அதே கேபினெட்டில் மாட்டி மேலே போனேன்.

குவேக்குக்கு இடம் நாலு பக்கமும் அடைபட்டிருக்க வேண்டும், ஒரு இண்டு இருந்தாலும் கசிவு என்று கம்பைலர் (கட்டியதை விளையாட்டு ஃபைலாக மாற்றும் நிரல்) நிறுத்திவிடும். திறந்த வீதிக்கு மேல் வானப் படம் ஒட்டிய பெட்டி போட வேண்டும். எந்த மூலையிலிருந்து எந்த மூலை தெரியும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டு ஃபைலில் எழுதிவிடுகிறது. ரத வீதிக்கு இது வாய்ப்பாக அமைந்தது: நடுவில் கோயில் இருப்பதால் மேல ரத வீதியில் நிற்கும்போது கீழ ரத வீதியைப் பற்றி மெஷின் கவலைப்பட வேண்டியதில்லை.

தண்ணீர் இப்போது ஒரு கன அளவு. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பது. வெள்ளம் வந்தால் முழுகும். குவேக்கில் மண்டபத்துக்கு மேல் வரை தண்ணீரை நிரப்பிவைத்தேன். படியில் இறங்கினால் இடுப்பு, கழுத்து, பிறகு தலை முழுகி, திரை நெளிந்து, தூண்களுக்கு நடுவே நீந்திப் போகலாம். இந்தப் பதிவு முழுவதிலும் நான் அதிக நேரம் சும்மா சுற்றித் திரிந்த இடம் அதுதான். நீரின் அளவைக் கண் முன்னால் உயர்த்த முடியாது, அது மட்டும் குறை.

தேரும் நகர்ந்தது. குவேக்கில் ஃபங்க்_ட்ரெயின் என்று நகரும் பொருளுக்கு ஒரு வகை. முக்குக்கு முக்கு புள்ளி வைத்தால் அந்தப் பாதையில் போகும். நாலு வீதியும் வந்து நிலையில் நின்றது. ஆனால் அதற்குத் திரும்பத் தெரியாது. கீழ ரத வீதியில் முன்பக்கம் பார்த்துப் போகிற தேர், தெற்கு ரத வீதியில் பக்கவாட்டாக நகர்கிறது. ஆனித் தேர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கண்ணில் உறுத்தும். முக்கில் தடி போட்டுத் தேரைத் திருப்புவதுதானே அன்றைக்குப் பெரிய காரியம்.

திருப்பிக் கொடுத்தது ஹாஃப்-லைஃப், 1998 நவம்பர். வால்வ் நிறுவனம் குவேக் எஞ்சினை வாங்கி நிறைய மாற்றி எழுதியது. கதாநாயகன் வேலைக்குப் போகிற ட்ராமில் ஆரம்பிக்கிற விளையாட்டு அது, ட்ராம் வளைவுகளில் வளைந்து போக வேண்டுமே. அதற்கு வைத்த ஃபங்க்_ட்ராக்ட்ரெயின் என் தேருக்கும் உதவியது. இதன் மேலே எழுதிய மாட்தான் (ஆடுபவர்களே மாற்றிச் செய்த பதிப்பு) 1999-இல் மின் லீயும் ஜெஸ் கிளிஃபும் வெளியிட்ட கவுண்டர்-ஸ்ட்ரைக். 2000-களின் தொடக்கத்தில் பாளையங்கோட்டை ப்ரவுசிங் சென்டர்களில் மரத் தடுப்புக்கு அந்தப்பக்கம் இருக்கிறவனைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே நாங்கள் சுட்டது அதைத்தான். தனியாக வந்தவர்கள் ஒற்றை ஆள் ஆடும் ஐஜிஐ என்ற விளையாட்டை ஆடுவார்கள். மேஸ் வாரில் கேபிளின் அந்த முனையில் இருந்த ஆள், தடுப்புக்கு அந்தப்பக்கம் வந்து உட்கார்ந்திருந்தான்.

ஹாஃப்-லைஃப் கேட்பது குறைந்தது பென்டியம் 133, 24 எம்பி ராம். என் மெஷின் அந்த வாசல்படியில் நிற்கிறது. தேருக்கு முன் பின் சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். எண் சிறியதாக இருந்தால் முக்கில் வெடுக்கென்று திரும்புகிறது. பெரிதாக வைத்தால் அகலமாக அணைத்துத் திரும்புகிறது. வேகத்தைக் குறைத்து, பாதைப் புள்ளிகளை முக்கில் நெருக்கி வைத்ததும் நிஜத் தேரின் தயக்கம் வந்துவிட்டது. "இப்பதான் மாமா தேரு" என்றான் மருமகன்.

வடம் பிடிக்க ஆள் வைக்கிற வேலை பாக்கி. ஒரு பத்து உருவத்தை நிறுத்தியதுமே பென்டியம் 133 மூச்சு வாங்குகிறது. முப்பரிமாணப் படம் வரைவதற்கென்றே உள்ள வூடூ கார்டு ஒன்று கிடைத்தால் வரைகிற பாரம் குறையும். அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.